நூற்றுக்கு நூறு குணம்: அந்த மாநாட்டுச் செய்தியில் நமக்கு என்ன இருக்கிறது?

"கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு. 12 பேருக்குக் கொடுத்தாங்க, 12 பேருக்கும் சரியாயிடுச்சு." இந்தச் செய்தி வாட்ஸ்அப் வழியாக மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஓயவில்லை. கோவில் குழுவில் ஒருவர் போடுவார், தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர் குழுவில் இன்னொருவர் போடுவார். கீழே யாராவது கேட்பார்கள்: "அண்ணே, இது ஈப்போ பெரியாஸ்பத்திரியில கிடைக்குமா?" அதற்கு மட்டும் பதில் வராது. கும்பிடும் கைகள்தான் வரிசையாக விழும்.

செய்தி பொய்யாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்திருக்கலாம். அது உண்மை. ஆனால் முக்கால்வாசியை வழியிலேயே உதிர்த்துவிட்டு வந்து சேர்ந்த உண்மை.

2022 ஜூன் மாதம் சிக்காகோவில் ஆஸ்கோ எனப்படும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஆண்ட்ரியா செர்செக் மலக்குடல் புற்றுநோய் பற்றிய ஒரு சிறிய சோதனையை அங்கே விளக்கினார். மருந்தின் பெயர் டோஸ்டார்லிமாப். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம். சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. ஸ்கேனில் இல்லை, உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாலும் இல்லை. யாருக்கும் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ கீமோவோ தேவைப்படவில்லை. 2025 ஏப்ரலில் அதே சிக்காகோவில் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் கூடியபோது எண்ணிக்கை 49 ஆகியிருந்தது. 49 பேருக்கும் அதே பலன்.

மலக்குடல் புற்றுநோய் வந்தவர் வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் பெறுமானம் உடனே புரியும். கட்டி கீழே இருந்தால் ஆசனவாயையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டிவிடுவது உண்டு. இடுப்பில் அந்தப் பையோடு செம்பனைக் குலை வெட்டப் போக முடியாது. கோவிலில் சம்மணம் போட்டு உட்காரக்கூடக் கூச்சப்படுவார்கள். கத்தியே படாமல் குணம் என்றால் அந்த 49 பேருக்கும் வாழ்க்கை அப்படியே திரும்பக் கிடைத்தது என்று பொருள்.

சரி, உதிர்ந்துபோன முக்கால்வாசி எது? அந்த 49 பேரும் ஒரு தனி ரகம். நம் செல்கள் பிரியும்போது மரபணுவைப் பிரதி எடுக்கின்றன. அதில் தவறு விழுவது சகஜம். தவறைத் திருத்துவதற்கென்றே செல்லுக்குள் சில புரதங்கள் இருக்கின்றன. சிலருடைய கட்டியில் இந்தத் திருத்தும் வேலை அடியோடு நின்றுபோயிருக்கும். அந்த ரகத்துக்குத்தான் இந்தப் பலன். மலக்குடல் புற்றுநோய் வந்த 100 பேரில் 5 முதல் 10 பேர்தான் இந்த வகையில் வருவார்கள். மற்ற 90 பேருக்கு இதே மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை செய்யாது.

ஏன் இந்த வித்தியாசம் என்று பார்த்தால் இம்யூனோதெரபி, அதாவது நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களை வைத்தே புற்றை அடிக்கும் சிகிச்சை, என்ற மொத்த விஷயமும் விளங்கிவிடும். அந்த எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான, நம் இரத்தத்தில் சுற்றும் டி செல்களைத் தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவாக நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஆள் உள்ளூரா வெளியூரா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. உள்ளூர் ஆள் தன் பாஸைக் காட்டினால் விட்டுவிடுவார். பிடி-எல்1 என்ற புரதம்தான் அந்த பாஸ். ஜாகாவிடம் அதைப் படிக்கும் கண் பிடி-1. புற்றுச் செல் என்ன செய்கிறது என்றால், அதே பாஸை அச்சடித்து வைத்துக்கொண்டு நீட்டுகிறது. ஜாகா ஒதுங்கி நிற்கிறார். டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மூன்று மருந்துகளும் ஜாகாவின் அந்தக் கண்ணை மூடிவிடுகின்றன. பாஸ் செல்லாது, ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு. திருத்தும் வேலை நின்றுபோன கட்டியில் ஆயிரக்கணக்கான மரபணுத் தவறுகள் சேர்ந்திருக்கும். அதன் முகமே அந்நியமாகத் தெரியும், பிடிபட்டுவிடும். தவறுகள் குறைவான கட்டியோ உள்ளூர் முகத்தோடுதான் வருகிறது. பாஸைப் பிடுங்கினாலும் ஜாகாவுக்குச் சந்தேகம் வருவதில்லை.

இந்தத் தடுப்பு வழிகளைக் கண்டு சொன்னதற்காக அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானியரான தசுகு ஹொஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆலிசன் ஆராய்ந்தது சிடிஎல்ஏ-4 என்ற வேறொரு தடுப்பு. பிடி-1 ஹொஞ்ஜோவின் கண்டுபிடிப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரடி விற்பனைக்காரர்கள் நம் தாமான்களில் வீடு வீடாக ஏறி இறங்கி "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" பானங்களை விற்கிறார்கள். இம்யூனோதெரபி செய்தியையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த மருந்துகள் சக்தியைக் கூட்டுவதில்லை. குறிப்பிட்ட ஒரு தடையை எடுக்கின்றன, அவ்வளவுதான். 200 வெள்ளி கொடுத்து வாங்கும் பாட்டிலால் அந்தத் தடையைத் தொடவும் முடியாது.

இனி மாநாடு என்ற இடத்தைப் பற்றி. சிக்காகோவின் ஆஸ்கோ கூட்டத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 40,000 பேர் வருகிறார்கள். ஐரோப்பியச் சங்கமான எஸ்மோவின் கூட்டம் இலையுதிர் காலத்தில் ஐரோப்பிய நகரம் ஒன்றில் நடக்கும். ஆராய்ச்சியாளர்கள் சுவரில் தாள் ஒட்டி நின்று விளக்குவதும் அங்கேதான், சில முடிவுகள் பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன் அறிவிக்கப்படுவதும் அங்கேதான். மருந்து நிறுவனங்களின் பங்கு விலை அதே மணி நேரத்தில் ஏறும், இறங்கும். ஆகவே அங்கிருந்து வரும் எந்தச் செய்தியிலும் அறிவியலும் இருக்கும், விளம்பரமும் இருக்கும். பத்திரிகைக்காரர்கள் அதை இன்னும் கொஞ்சம் சூடேற்றுவார்கள். நம் குழுக்களுக்கு வரும்போது கொதித்துவிடும்.

2016 அக்டோபரில் கோப்பன்ஹேகன் நகரில் நடந்த எஸ்மோ கூட்டத்தை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவேன். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாகக் கீமோவுக்குப் பதில் இம்யூனோதெரபி கொடுத்தால் என்ன? இதே கேள்விக்கு ஒரே கூட்டத்தில் இரண்டு விடைகள் வந்தன. பெம்ப்ரோலிசுமாப் எடுத்தவர்களில் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 10.3 மாதம், கீமோ எடுத்தவர்களில் 6 மாதம். நிவோலுமாப் சோதனையில் அது தலைகீழ்: 4.2 மாதம், கீமோவில் 5.9. ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகள் இவை. பெரிய வித்தியாசம் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் இருந்தது. முதல் சோதனையில் பாதிக்கு மேற்பட்ட செல்களில் பிடி-எல்1 இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். இரண்டாவதில் 5 சதவீதம் இருந்தாலே போதும் என்று கணக்கிட்டார்கள். மருந்தின் பெயரை மட்டும் கேட்டால் பாதி செய்திதான் கிடைக்கும், யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எபகாடோஸ்டாட் கதை இதைவிடக் கசப்பு. இந்த மாத்திரையைப் பெம்ப்ரோலிசுமாப்போடு சேர்த்துக் கொடுத்தபோது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் கட்டி சுருங்கியது என்று ஆரம்பச் சோதனைகள் கூட்டங்களில் காட்டின. ஒப்பிடுவதற்கு மறு பக்கம் ஆள் இல்லாத சோதனைகள் அவை. எல்லாருக்கும் நம்பிக்கை. பிறகு 700 பேருக்கு மேல் சேர்த்து, எல்லாருக்கும் பெம்ப்ரோலிசுமாப், கூடவே பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை என்று குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். 2018 ஆஸ்கோவில் விடை வந்தது: நோய் முற்றாமல் இருந்த காலம் மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.7 மாதம், போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.9 மாதம். அதாவது ஒன்றுமில்லை. பல நிறுவனங்கள் அந்த வகை மருந்துகளையே ஓரம்கட்டின. இந்தச் செய்தி எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வந்து நான் பார்த்ததில்லை. தோல்விக்கு யார் கும்பிடு போடுவார்கள்?

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊருக்கு எந்தப் புற்றுநோய்ச் செய்தி முக்கியம் என்று என்னைக் கேட்டால் மலக்குடலும் இல்லை, மெலனோமாவும் இல்லை என்பேன். வாய்.

மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம், அதிலும் நம் பெண்களிடம். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்குப் பையில் இருக்கிறது. இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போன காலத்தில் பசிக்கும் அலுப்புக்கும் வெற்றிலைதான் துணை. கன்னத்தின் உள்பக்கம் அதக்கிவைத்தால் பத்து மணி வரை தாங்கும். சரியாக அந்த அதக்கும் இடத்தில்தான் புண் வருகிறது. தோட்டம் செம்பனைக்கு மாறி, பலர் தாமானுக்குக் குடிவந்த பிறகும் பழக்கம் கூடவே வந்துவிட்டது. "நான் புகையிலை போடறதில்லப்பா, வெறும் பாக்குதான்" என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஆரம்பத்தில் வலி இருக்காது. கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது சிவப்புத் திட்டு. குழம்பில் கொஞ்சம் காரம் தூக்கினாலே வாய் எரியும். சிலருக்குக் கன்னம் உள்ளே நார் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து வாயில் வைத்துப் பாருங்கள், நுழையவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம். சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு 1997லிருந்தே தோட்டங்களை ஆபத்து அதிகமுள்ள இடங்களாகக் கணக்கில் எடுத்து வாய்ப் பரிசோதனை செய்துவருகிறது. பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து நம் ஆட்கள் பின்வாசல் வழியாக நழுவுவதும் உண்டு. நாட்டில் புற்றுநோய் கண்டறியப்படுபவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள் என்று தேசியப் பதிவேடு சொல்கிறது.

இந்த வாய்ப்புற்றுக்கு மாநாடுகளில் என்ன வந்தது? செர்செக் 49 பேர் கணக்கைச் சொன்ன அதே 2025 ஏப்ரல் கூட்டத்தில் பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் ரவீந்திர உப்பலூரி இன்னொரு முடிவை வெளியிட்டார். வாய், தொண்டை, குரல்வளைப் பகுதிகளில் கட்டி பெரிதாகி, ஆனால் இன்னும் வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருந்த 714 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான அறுவை சிகிச்சையும் அதன் பிறகு கதிர்வீச்சும். மறு பாதிக்கு அதே சிகிச்சையோடு, கத்தி வைப்பதற்கு முன் 2 தடவை, பின்பு 15 தடவை பெம்ப்ரோலிசுமாப். மூன்று வருட முடிவில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் மருந்து சேர்த்த பக்கத்தில் 57.6 சதவீதம், சேர்க்காத பக்கத்தில் 46.4 சதவீதம். 100 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக 11 பேருக்கு நன்மை. மொத்த ஆயுள் கூடியதா என்ற கணக்கு அப்போது முடிவாகவில்லை. இரண்டு மாதத்தில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்துவிட்டது.

நூற்றுக்கு நூறு எங்கே, நூற்றுக்குப் பதினொன்று எங்கே என்று தோன்றலாம். ஆனால் இது குலுக்கிப் போட்டு ஒப்பிட்டுக் கிடைத்த பதினொன்று. இந்தக் கட்டத்தில் உள்ள தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முறை பல வருடங்களாக அசையாமல் கிடந்தது. அந்த வகையில் இது பெரிய விஷயம்தான். என்ன, 17 தடவை ஊசி. ஏறக்குறைய ஒரு வருடம்.

அங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. தனியார் ஆஸ்பத்திரியில் இந்த மருந்து ஒரு தடவைக்கே பல ஆயிரம் வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி கட்டினால் போதும், ஆனால் இவ்வளவு விலையுள்ள மருந்து கேட்ட எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பெம்ப்ரோலிசுமாப்பின் முக்கிய அமெரிக்கக் காப்புரிமை 2028இல் முடிகிறது. அதன் பிறகு மற்ற நிறுவனங்கள் அதே மருந்தைச் செய்து விற்கும்போது விலை இறங்கும் வாய்ப்பு இருக்கிறது. 2028 வரை காத்திருக்கும் வசதி நோய்க்கு இல்லை.

இதனால்தான் 2022இல் அதே ஆஸ்கோ கூட்டத்தில், 12 பேர் கதையின் ஆரவாரத்தில் அமுங்கிப்போன ஒரு முடிவை நான் பெரிதாக நினைக்கிறேன். வெளியிட்டது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. பாக்கு, புகையிலை வாய்ப்புற்றை அங்கே இருப்பவர்கள் பார்த்த அளவுக்கு உலகில் வேறு யாரும் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். அவர்களுடைய கணக்குப்படி, இம்யூனோதெரபி தேவைப்படும் தங்கள் நோயாளிகளில் அதை வாங்க முடிந்தவர்கள் 100க்கு 3 பேர்கூட இல்லை. சரி, குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள்.

நிவோலுமாப் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். மும்பையில் கொடுத்தது மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம். இதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கவில்லை. இந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆரம்பச் சோதனைகளிலேயே, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும் டி செல்களில் மருந்து பிடித்துக்கொண்ட பிடி-1 அளவு பெரிதாக மாறவில்லை. மருந்து இரத்தத்தில் குறைந்த பிறகும் அந்தப் பிடி வாரக்கணக்கில் விடவில்லை. மூடிய கண்ணை மேலும் மூட முடியாது அல்லவா?

நோய் முற்றிய அல்லது திரும்பி வந்த 151 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மூன்று மாத்திரைகள், குறைந்த செலவில் வீட்டிலிருந்தே சாப்பிடும் சிகிச்சை. பாதிப் பேருக்குக் கூடவே அந்த 20 மில்லிகிராம் ஊசி. ஒரு வருடம் கழித்து மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் போட்டவர்களில் 43.4 சதவீதம். நடுமதிப்பு ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதம் ஆனது.

பத்து மாதம் என்பது குணம் இல்லை. முழு அளவையும் குறைந்த அளவையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனையும் இல்லை இது. ஆக, 20 மில்லிகிராம் 240க்குச் சமம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஊசி இல்லாமல் இருப்பதைவிட 20 மில்லிகிராம் எவ்வளவோ மேல் என்று சொல்லலாம். வாங்க வழியில்லாதவருக்கு அந்த ஒப்பீடுதான் உண்மையான ஒப்பீடு. இப்படியொரு சோதனைக்கு எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து போதும் என்று நிரூபிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? பொது நிறுவனம் ஒன்று இறங்கிச் செய்ததால் வந்தது இது. நோயாளிகளும் கன்னத்திலும் ஈறிலும் கட்டி வந்த, பெரும்பாலும் புகையிலை மென்ற ஆட்கள். அமெரிக்காவிலோ வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய்தான் அதிகம். அந்தச் சோதனைகளைவிட மும்பைச் சோதனை நம் வீட்டு நிலைக்குக் கிட்டத்தில் நிற்கிறது.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. சுபாங் ஜெயாவில் இருக்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தில் பேராசிரியர் சியோங் சொக் சிங் தலைமையிலான குழு, தலை, கழுத்துப் புற்றுச் செல்களில் அதிகம் காணப்படும் இரண்டு புரதங்களை டி செல்களுக்கு அடையாளம் காட்டும் தடுப்பூசி ஒன்றைப் பிரிட்டனின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிவருகிறது. நோய் வராமல் தடுப்பதற்கு அல்ல, வந்தவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுக்க.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது? "புது மருந்து இருக்காமே" என்று கேட்டால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. குடல் புற்றுநோய் என்றால், எடுத்த சதைத் துண்டில் எம்எம்ஆர் பரிசோதனை, அதாவது மரபணுத் தவறைத் திருத்தும் அந்த வேலை நடக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, செய்தார்களா என்று கேளுங்கள். அந்த 5, 10 பேரில் ஒருவரா என்பது அதில்தான் தெரியும். அந்த ரகம் குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது, ஆகவே அண்ணன் தம்பி, பிள்ளைகளுக்கும் சேதி இருக்கிறது. வாய்ப்புற்று என்றால் பிடி-எல்1 அளவு பார்த்தார்களா, ஏதாவது மருந்துச் சோதனையில் சேர வழி உண்டா என்று கேளுங்கள். சோதனையில் சேர்ந்தால் பொதுவாக மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். "எலிக்குச் சோதனை பண்ணற மாதிரி நமக்கா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எலியைத் தாண்டி வந்த பிறகுதான் மனிதர்களுக்கே வருகிறது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியதுதான்.

ஏற்கெனவே இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு விஷயம். கீமோ மாதிரி முடி கொட்டாது, வாந்தியும் குறைவு, அதனால் பக்கவிளைவே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தடை எடுபட்ட டி செல்கள் சில சமயம் நல்ல உறுப்புகளையும் தாக்கும். குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, தோல் எதுவும் தப்பாது. மூன்று நான்கு நாள் வயிற்றுப்போக்கு என்றால் நேற்றுச் சாப்பிட்ட ரொட்டி சானாயின் மேல் பழி போட்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். புது இருமல், மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி எதையும் தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடுவார்கள், விட்டால் உயிருக்கே ஆபத்து. ஊர்க் கிளினிக்கில் காட்டும்போது "கேன்சருக்கு ஊசி போடறேன்" என்பதோடு நிறுத்தாமல் மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். ஊசியை நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகும் இந்தத் தொல்லை வரலாம், அதனால் அந்தச் சீட்டைப் பர்சிலேயே வைத்திருப்பது நல்லது.